கறுப்புக் கவரின் வடிவம்

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் நீ பத்து வரி சொல்லிவிடுவாய். நானும் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால்தான் காகிதம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

எங்கள் ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் நீ வந்து வைத்துக்கொடுத்த அத்திமரங்களில் ஒன்று நேற்று விழுந்துவிட்டது.

சாயங்காலம் நோயாளிகளைக் காற்றுக்காக மாடிக்கு அழைத்து வருவார்கள் என்று உனக்குத்தான் தெரியுமே. நேற்றும் வந்திருந்தார்கள். திடீரென்று காற்று தூக்கியது. பெரிய சூறாவளி ஒன்றும் இல்லை, காயப்போட்ட துணி பறக்கிற அளவுக்குத்தான். கடைசியில் நிற்கிற மரம் ஆடியது. முறியவில்லை அக்கா, அதுதான் எனக்குப் புரியவில்லை. பாட்டில் மூடி கழன்று வருவது மாதிரி தொட்டியை விட்டு அப்படியே கழன்று வந்தது. தொட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, நடுவில் வட்டமாக ஒரு குழியோடு.

மரத்துக்குக் கீழே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். அவர்மேல் விழாமல் நர்ஸ் ஒருத்தி கையைக் குறுக்கே கொடுத்தாள். அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அந்தப் பெரியவர் பயத்தில் வாயைத் திறந்தபடி இருந்தார்.

என்னைப் பொறுப்பாளராக்கி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் "எங்கக்கா நர்சரி மரம்" என்று நான் பெருமை அடிக்காத ஆளே கிடையாது. இப்போது லிப்டில் ஏறினால் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள். படியில் ஏறிப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் விசாரணை வைத்திருக்கிறார். நான் எங்கே தப்புப் பண்ணினேன்? ஆழம் போதவில்லையா? மண் கலவை இளகிவிட்டதா? தொட்டி சின்னதா? எதுவாக இருந்தாலும் சொல். நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னவென்று தெரிந்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

உன்
பொடிசு


ஜூன் 11

பொடிசு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் நேரத்துக்குச் சாப்பிடு. மரம் விழுந்ததற்கு நீ பட்டினி கிடந்தால் அது எழுந்து நிற்கப் போவதில்லை.

நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. நட்ட அன்றைக்கு நானும் கூட இருந்தேனே. தொட்டியும் சரி, மண்ணும் சரி. மரம் தானாக விழாது. தண்ணீர்தான் விழவைக்கும். தினமும் மேலாக நனைத்துவிட்டுப் போனால் வேர் அடியில் ஏன் இறங்கப் போகிறது? மேலேயே உட்கார்ந்துகொள்ளும். காற்று வந்ததும் கழன்றுவிடும். குழாய் பிடித்து ஊற்றுகிற அந்த அம்மாவைக் கேட்டுப் பார். வெயிலில் நின்று ஊற்றுகிறவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டு நிழலுக்குப் போகத்தான் பார்ப்பார்கள். அது குற்றமில்லை, மனித சுபாவம்.

விசாரணையில் நீளமாகப் பேசாதே. நீ பேச ஆரம்பித்தால் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவாய். தண்ணீர் விஷயத்தை மட்டும் சொல்.

விழுந்த மரத்தை வெட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடச் சொல். கண்ணெதிரே கிடந்தால் மனசு கெட்டுப்போகும்.

உன் மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே சொன்னேன். என் வேலை தப்பியது. இதைப் படித்துவிட்டு நீ சந்தோஷப்படுவாய். நான் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் பார்.

மேல்மாடியில் நீளமான மேஜை போட்ட அறை. மேனேஜர், என்ஜினீயர், ஆபீஸ் ஆட்கள். தண்ணீர் சரியாக ஊற்றப்படவில்லை என்று நினைப்பதாகச் சொன்னேன். உடனே குழாயம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அவர் குழாயம்மாதான். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். பளபளவென்றிருந்த தரையில் ஈரக் கால்தடம் வரிசையாக விழுந்தது. அதைப் பார்த்துக் கூச்சப்பட்டுக் கதவோரமே நின்றுவிட்டார்.

மேனேஜர் கேட்டதும் அவர் என்னைப் பார்த்துதான் பேசினார். "நீங்க சொன்னபடிதானேம்மா ஊத்தினேன்? கீழ ஓட்டையில தண்ணி வர்ற வரைக்கும் ஊத்துன்னு சொன்னீங்க. அப்படித்தான் ஊத்தினேன்."

அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவர் அப்படித்தான் ஊற்றினார். நானே எத்தனையோ நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா அக்கா? "தினமும் நான் பக்கத்துல நின்னு பாக்கறதில்லையே." இவ்வளவுதான் சொன்னேன். இது பொய்கூட இல்லை. அதனால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. மாடிக்குப் போய்த் தன் செருப்பையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு எல்லோர் நடுவிலும் இறங்கிப் போனார். கேட்டில் காவலாளி அவர் பையைத் திறந்து பார்த்தான். இதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

உண்மையிலேயே தண்ணீர்தானா அக்கா? நன்றாக யோசித்துச் சொல். மரம் இன்னும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்தான் கிடக்கிறது. வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொடிசு


ஜூன் 19

பொடிசு,

நடந்தது நடந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் தேவைப்படாத இடம் எங்கே இருக்கிறது?

நீ சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறவள். போதும், விடு.

அந்த மரத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய்? பூச்சி வைத்தால் மற்ற மரங்களுக்கும் பரவும். முதலில் அதை அப்புறப்படுத்து.

இங்கே வேலை அதிகம். அடுத்து எப்போது எழுதுவேன் என்று தெரியாது.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

நீ மரத்தை அப்புறப்படுத்து, அப்புறப்படுத்து என்று இரண்டு கடிதத்திலும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்கு அதைப் போய்ப் பார்க்கவே தோன்றியது.

இன்று மத்தியானம் குழாயை இழுத்துக்கொண்டு போய் வேரைக் கழுவினேன். மேலே ஒட்டியிருந்தது நான் கலந்து வைத்திருந்த புது மண். தண்ணீர் பட்டதும் மொத்தமும் உதிர்ந்து ஓடிவிட்டது. அந்த மண்ணுக்குள் ஒரு வேர்கூட வரவில்லை. உள்ளே இருந்தது நீ மரத்தை வளர்த்துக் கொண்டுவந்த கறுப்புக் கவரின் வடிவம். கவரை உரித்த பிறகும் வேர் கவர் மாதிரியே நின்றது. அடியில் கவரின் மடிப்புகூட அப்படியே பதிந்திருக்கிறது. வெளிச்சுற்றில் வேர்கள் கயிறு சுற்றியது போல ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமடித்திருக்கின்றன. விரலை நுழைக்க இடமில்லை. ரம்பத்தால் பிளந்தேன். உள்ளே அதைவிடச் சின்னதாக இன்னொரு சுற்று. இந்த மரம் சின்னக் கவரிலும் இறுகியிருக்கிறது, பெரிய கவரிலும் இறுகியிருக்கிறது. தண்டுக்குக் கீழே கட்டைவிரல் தடிமனில் ஒரு வேர் கழுத்தைச் சுற்றி இறுக்கி, மரத்துக்குள்ளேயே புதைந்துபோயிருக்கிறது. அடியில் வேர் பிய்த்த தழும்பும் இருக்கிறது.

இதற்குள் எந்தத் தண்ணீர் இறங்கும்? குழாயம்மா கடலையே ஊற்றியிருந்தாலும் சுற்றி வழிந்துதான் போயிருக்கும்.

லாரி வந்த அன்றைக்கு நீயே கவர்களை உரித்து நீயே தொட்டியில் இறக்கினாய். "நீ போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா பொடிசு" என்றாய். நான் திரும்பி வருவதற்குள் எல்லா மரத்துக்கும் மண் மூடியிருந்தது. அக்கா எவ்வளவு சுறுசுறுப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரே ஒரு கேள்வி. உனக்குத் தெரியுமா, தெரியாதா? போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். எழுது.


ஜூலை 3

பொடிசு,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து உட்கார இவ்வளவு நாளாகியிருக்கிறது.

அந்த மரங்கள் ஒரு ஓட்டலுக்காக வளர்த்தவை. கட்டடம் பாதியில் நின்றதும் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். நானும் பெரிய தொட்டிக்கு மாற்றாமல் மூலையில் போட்டுவிட்டேன். இரண்டு கோடை அப்படியே நின்றன. கவரைக் கிழித்துக்கொண்டு வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. உனக்கு ஏற்றிவிட வந்தபோது தூக்க முடியவில்லை, பிய்த்துத்தான் தூக்கினோம். நீ பார்த்த தழும்பு அதுதான். லாரியில் ஏறும்போதே அவற்றின் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

ஏன் கொடுத்தேன்? நீ பொறுப்பாளர் ஆனதும் முதல் போன் எனக்குத்தான் பண்ணினாய். "எங்கக்காகிட்டதான் வாங்குவேன்னு சொல்லிட்டேன்" என்றாய். அந்த நேரத்தில் என்னிடம் நல்ல மரம் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் மூத்தவள், கெட்டிக்காரி, தொட்டதெல்லாம் துளிர்க்கும் என்று நீதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய். உன்னிடம் போய் "இல்லை" என்று சொல்வதா? அந்தச் சின்ன வெட்கத்துக்குப் பயந்து இவ்வளவு பெரிய வெட்கத்தில் வந்து விழுந்திருக்கிறேன்.

ஆனால் அதைக்கூட விடு. அந்த அம்மாவைக் கேட்டுப் பார் என்று எழுதினேனே, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. எழுதும்போதே கை கூசியது. கூசக் கூச எழுதி ஒட்டி அனுப்பினேன். மனித சுபாவம் என்று உபதேசம் வேறு. உன் கடிதத்தில் ஈரக் கால்தடம் என்று படித்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. இருந்தும், போதும் விடு என்று பதில் எழுதினேன். அதையும் நான்தான் எழுதினேன்.

இப்போது அவசரமானது ஒன்று இருக்கிறது. என்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் இதை மட்டும் செய். மாடியில் நிற்கிற மற்ற மரங்களும் அதே கதைதான். ஒவ்வொன்றையும் கைப்பிடிச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டு. அதன் கீழே ஒருவரையும் உட்கார விடாதே.

வேரை வெட்டியாக வேண்டும். இலையெல்லாம் கொட்டித் துளிர் கிளம்புவதற்கு முன்னால் செய்வதுதான் முறை. இப்போது செய்தால் சிலது பிழைக்காது. ஆனால் இப்படியே விட்டால் யார் தலையிலாவது விழும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வெளியே எடுக்க வேண்டும். பக்கவாட்டில் வட்டமடித்த வேரை ரம்பத்தால் சுற்றிலும் சீவி எடுத்துவிட்டு, அடியில் தட்டையாக ஒரு தட்டு அளவுக்கு அறுக்க வேண்டும். மேலிருந்து கீழாக நாலைந்து கீறல். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. கழுத்தைச் சுற்றிய வேரை மட்டும் நீ தொடாதே. அதை உளியால் துண்டு துண்டாக எடுக்க வேண்டும், கொஞ்சம் தவறினாலும் தண்டு போய்விடும். அதை நான் செய்கிறேன்.

பழைய வழவழப்பான தொட்டி வேண்டாம். வேர் சுவரில் முட்டினால் திரும்ப வட்டமடிக்கத்தான் போகும். கனத்த துணியில் தைத்த தொட்டி கொண்டுவருகிறேன். அதில் வேர்நுனி துணியைத் தொட்டதும் காற்றுப் பட்டுக் காய்ந்து அங்கேயே நின்றுவிடும். பின்னாலிருந்து புதிதாகப் பல வேர் கிளைக்கும். நாம் வெட்ட வேண்டிய வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். காற்றுக்குச் சாயாத மாதிரி அகலமாகவே தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் கேவலம். தெரியாதவள் செய்திருந்தால் அறியாமை என்று போயிருக்கும்.

வரட்டுமா?

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

கயிறு கட்டிவிட்டேன். மாடியைப் பூட்டிவிட்டார்கள். நோயாளிகள் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன், என் அக்கா கொடுத்த மரம்தான் கோளாறு என்று. "அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சும்மா. இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?" என்றார். அவர் அதற்குள் அதை மறந்தேவிட்டார்.

குழாயம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு துணி வெளுக்கும் கடைக்குப் பின்னால் இருக்கிறது. அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே நான் சொன்னது முழுவதையும் கேட்டார். வேலையைத் திரும்ப வாங்கித் தரப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னது இது: "என்னைத் தப்புன்னு சொன்னப்ப அத்தனை பேர் இருந்தாங்க. தப்பில்லைன்னு சொல்றதுக்கு நீங்க மட்டும் தனியா வந்திருக்கீங்க."

தெருவில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. உட்காரவில்லை.

நீ வா. மரத்துக்காக வா. என் வீட்டில் தங்காதே. பிள்ளைகள் "பெரியம்மா" என்று ஓடிவந்தால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

பொடிசு


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

மரங்களைப் பற்றி முதலில். இரண்டு போய்விட்டன. மற்றவை எல்லாம் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றன, எல்லாமே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போன வாரத்திலிருந்து கணுவில் பச்சை தெரிகிறது. ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

நீ வந்து வேரை வெட்டிய அந்த மூன்று நாளும் நாம் பேசியதை நினைத்துப் பார்க்கிறேன். "பிடி." "திருப்பு." "ரம்பம்." "பாத்து, கை." அதற்குமேல் ஒன்றுமில்லை. கழுத்து வேரை நீ உளியால் எடுக்கும்போது உன் கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது. இரண்டு கையும் மண்ணாக இருந்ததால் துடைக்காமல் விட்டாய். நான் துடைத்துவிட்டிருக்கலாம். ரம்பத்தைக் கழுவப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அதற்காக இப்போது வருந்துகிறேன். ஆனாலும் மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் பேனா வரவில்லை. பொய் எழுத மாட்டேன், நம் இருவர் கடிதத்திலும் அது போதுமான அளவுக்கு இருக்கிறது.

நாலாம் நாள் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் போய்விட்டாய். கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்றிருந்தேன். இங்கே என்னைக் கண்டால் இன்னும் பேச்சை நிறுத்துகிறார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்று கையில் கட்டோடு அந்த நர்ஸ் வந்து, "கேட்ல நின்னாங்களே, அவங்கதான் உங்க அக்காவா?" என்று கேட்டாள். காவலாளியைக் கேட்டால் தரையைப் பார்க்கிறான். கேட்டில் என்ன செய்தாய்?

பொடிசு


ஆகஸ்ட் 10

பொடிசு,

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் நான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட மாதிரி ஆகும். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நீ கேட்டுவிட்டதால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை மாடி வேலை முடிந்ததும் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். நான் யார் என்று சொன்னதும் ஜன்னலையும் சாத்தப் போனார். "நீங்க தங்கச்சிகிட்ட சொன்னது எனக்குத் தெரியும். எத்தனை பேர் முன்னாடி சொல்லணுமோ சொல்றேன்" என்றேன். அவர் ஜன்னலைச் சாத்தவில்லை. "காலையில ஷிப்ட் மாறும். உள்ள போறவங்க, வெளிய வர்றவங்க எல்லாரும் கேட்லதான் நிப்பாங்க. நானும் வரேன்" என்றார்.

வந்தார். தலை சீவி, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார்.

என் தொண்டை உனக்குத் தெரியும். நர்சரியில் நின்று கத்தினால் பஸ் ஸ்டாண்ட்வரை கேட்கும். அன்றைக்கு அந்தக் குரல் எங்கே ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. முதலில் சொன்னது யாருக்குமே கேட்கவில்லை. ஏதோ உதவி கேட்கிறேன் என்று நினைத்து ஒருவர் பையைத் துழாவினார். மறுபடி சொன்னேன். "மாடியில விழுந்த மரம் நான் குடுத்தது. வேர் கெட்டதுன்னு தெரிஞ்சே குடுத்தேன். தண்ணி ஊத்தின அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. பழியை அவங்க மேல போடச் சொன்னதும் நான்தான்." அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். யாரோ ஒருத்தி "சீ" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. இந்த வயதுவரை ஒருவர் வாயால் அப்படிக் கேட்டதில்லை. காது மடல் எரிந்தது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது பொடிசு. அந்த அம்மா எதிரே நின்றதால் நின்றேன்.

உன் மேனேஜர் இறங்கி வந்தார். "உள்ள வாங்கம்மா, உக்காந்து பேசிக்கலாம்" என்றார். "உள்ள உக்காந்து பேசினதுலதான் சார் அவங்க வெளிய போனாங்க" என்றேன். அவர் காவலாளியைப் பார்த்தார், காவலாளி செருப்பைப் பார்த்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மா சாலையைக் கடந்து வந்தார். நான் கைகூப்பினேன். அவர் கூப்பவில்லை. மேனேஜர் அதற்கு முந்தின வாரம் ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டதாகவும், வெளுக்கும் கடையிலேயே வேலை கிடைத்துவிட்டதால் வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நீ மேனேஜரிடம் சொன்னது வீணாகவில்லை.

அப்புறம் ஒன்று கேட்டார். "அந்தப் பொண்ணு என்னைத் தப்புன்னு சொன்னது நீங்க சொல்லிக் குடுத்தா?"

"ஆமா."

"அவளுக்கு அப்ப வேரைப் பத்தித் தெரியாதா?"

"தெரியாது."

கேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவளை வரச் சொல்லுங்க. நீங்க வர வேணாம்."

அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு அப்போதே பட்டது. பஸ் ஏறிவிட்டேன். இதைச் சொல்லப் போனால் கேட் கதையையும் சொல்ல வேண்டுமே என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டேன், அதுவும் தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை மூடிவிடுவார்களாம், வீட்டில்தான் இருப்பாராம். வெறுங்கையோடு போ, எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வா. நானும் கேட்காமலே வந்துவிட்டேன்.

அக்கா